இன்டர்கூலர் வாங்குமுன் சூட்டை அளந்து பாருங்கள்

டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அழுத்தினால் காற்று சூடாகும். மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் மத்தியானம் 33 டிகிரி என்றால், ஒரு ‘பார்’ பூஸ்டில் (டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தம்) டர்போவிலிருந்து வரும் காற்று 120 டிகிரியைத் தொடலாம். சூடான காற்று விரிந்து, ஆக்சிஜன் குறைந்து எஞ்சினுக்குள் போகும். நாக்கிங் வரும் (எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும்), காடியின் கம்ப்யூட்டர் இக்னிஷனை, அதாவது தீப்பொறியைத் தாமதப்படுத்தும், இழுவை போய்விடும். அந்தச் சூட்டை வெளிக்காற்றில் இறக்கிவிடுவதுதான் இன்டர்கூலரின் வேலை. 120-ஐ 50-க்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றுவரை இறக்கக்கூடிய 87 டிகிரியில் 70 இறங்கிவிட்டது, சுமார் 80 சதவீதத் திறன். அது நல்ல கோர், அதாவது இன்டர்கூலரில் காற்று ஆறும் நடுப்பகுதி.

முதலில் ஓபிடி ஸ்கேனரில் (காடியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் கருவி) உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். சில காடிகளில் அந்த சென்சார் ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும். அந்த எண் இதற்கு உதவாது. நன்றாக மிதித்து ஓட்டிய பிறகும் வெளிக்காற்றைவிட 20 டிகிரிக்குள் இருந்தால் இருப்பதே போதும், காசை வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றைவிட 40 டிகிரிக்கு மேல் ஏறி இறங்க மறுத்தால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

அதற்கும் முன், கழுவுங்கள். தோட்டப் பாதையில் ஓடும் காடியின் கோரில் செம்மண்ணும் லாலாங் புல்லின் பஞ்சும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் ஜெட் வேண்டாம், ஃபின் எனும் மெல்லிய தகடுகள் மடங்கும்.

பிறகு கசிவு. டர்போ வாயில் டயர் வால்வு பொருத்திய மூடியை மாட்டி, 15 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை வரும் இடம்தான் கசிவு. முகத்தை ஹோஸுக்கு நேரே வைக்காதீர்கள்.

மாற்றத்தான் வேண்டுமா? எஞ்சின் மேல் உட்காரும் வகைக்குக் குழாய் குட்டை, பூஸ்ட் சீக்கிரம் வரும். ஆனால் செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் எஞ்சின் சூட்டையே குடிக்கும். நம் வெயிலுக்கு முன் பம்பர் வகையே மேல். 'பார் அண்ட் பிளேட்' கோர் கனம், கல்லடி தாங்கும், சூட்டையும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும்; 'டியூப் அண்ட் ஃபின்' இலேசு, சீக்கிரம் ஆறும். பெரிய கோர்தான் சிறந்தது என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள்: ரேடியேட்டரை மறைத்து எஞ்சினைக் கொதிக்கவைக்கும், பூஸ்ட் வரவும் தாமதமாகும். கோருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 2 பிஎஸ்ஐ தாண்டக்கூடாது. 1.6 லிட்டர் எஞ்சினுக்கு இரண்டு முதல் இரண்டரை அங்குலக் குழாய் தாராளம்.

ஹாஃப்கட் கடையில் (வெட்டிய பழைய காடிகளின் பாகம் விற்கும் கடை) பழசு வாங்கினால் உள்ளே டார்ச் அடியுங்கள். லேசான எண்ணெய்ப் பூச்சு இருந்தால் கழுவிக்கொள்ளலாம். உலோகத் துகள் தெரிந்தால் அந்தக் காடியின் டர்போ உடைந்திருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் முழுதும் போகாது, எஞ்சின் விழுங்கிவிடும். வேறு கோர் தேடுங்கள்.

மாட்டியபின் பம்பருக்கும் கோருக்கும் இடையே உள்ள இடைவெளியைத் தகடு வைத்து அடையுங்கள், இல்லாவிட்டால் காற்று ஓரமாக நழுவிவிடும். ஓரிரு நாள் ஓடியதும் குழாய் மூட்டுகளை இறுக்கும் கிளாம்புகளை மீண்டும் முறுக்கிவிடுங்கள்.