டிசிட்டபினும் தடுப்பூசியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரமணிப் பக்கத்து ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் மாணவர்கள், அந்த வயதில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். கையுறை, கன்டாமினேஷன் எல்லாம் சீனியர்கள் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு: அடங்கிய ஜீன்களைத் திறக்கும் டிசிட்டபின் மருந்தையும் புற்றுநோய்த் தடுப்பூசியையும் சேர்த்துச் சோதிக்கும்போது செய்யும் தவறுகள்.

டோஸை ஏற்றுவது

பல புற்றுசெல்களில் என்ஒய்-ஈஎஸ்ஓ-1 போன்ற ஆன்டிஜென்களின் (டி செல்கள் அடையாளம் காணும் புரதங்களின்) ஜீன்கள், மெத்தில் என்ற வேதிக் குறி டிஎன்ஏவில் ஏறி அடங்கிக் கிடக்கும். டிசிட்டபின் அவற்றைத் திறந்துவிட்டால், தடுப்பூசி பழக்கிய டி செல்களுக்கு (நோயெதிர்ப்பு செல்களுக்கு) இலக்கு தெரியும். இது எல்லோருக்கும் புரிகிறது. பிறகு நேரே போய், எத்தனை செல் உயிரோடிருக்கிறது என்று காட்டும் எம்டிடி சோதனை போட்டு, பாதி செல்கள் சாகும் டோஸைக் கண்டுபிடித்து, அதற்கும் மேலே ஏற்றுகிறார்கள்!

“சார், 10 மைக்ரோமோலார்ல சூப்பரா வேலை செய்யுது, பாதிக்கு மேல செத்துடுச்சு” என்று ஒரு மாணவி பிளேட்டை நீட்டினாள். செத்த செல் எந்த ஆன்டிஜெனைக் காட்டும்? செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போதுதான் டிசிட்டபின் உள்ளே நுழைந்து, புது டிஎன்ஏவில் மெத்திலை ஏற்றும் டிஎன்எம்டி1 என்சைமைச் சிக்கவைக்கிறது. அதன்பின் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தில் கழிகிறது. செல் உயிரோடு பிரிந்துகொண்டே இருக்க வேண்டும். 24 மணி நேரத்திலேயே பார்த்துவிட்டு “ஒன்றும் வரவில்லை” என்று எழுதுவதும் இதே தவறுதான். அவளுக்கு ஒரு செமஸ்டர் போனது, ஆன்டிபாடிக்குக் கொடுத்த பணமும் போனது. 100 நானோமோலாரில் மூன்று நாள் கொடுத்து, மருந்தில்லாமல் சில நாள் விட்டுப் பார்த்தபோது, ஆன்டிஜென் இருப்பதைக் காட்டும் பேண்ட் வந்தது.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துப் படித்துவிட்டது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். டிசிட்டபினின் உறவுக்கார மருந்தான அசாசிட்டிடின் 1964இல் பிராகில் உருவானது. செல்லைக் கொல்லும் மருந்தாக அதிக டோஸில் கொடுத்து, நோயாளிகள் அவதிப்பட்டார்கள். அது மெத்திலைக் கழிக்கும் என்று 1980இல் பீட்டர் ஜோன்ஸ், ஷெர்லி டெய்லர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். குறைந்த டோஸ் முறையில்தான் 2004இல் அமெரிக்காவில் எம்டிஎஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்கு அனுமதி கிடைத்தது.

நீரில் கரைத்து ஃபிரிட்ஜில் வைப்பது

வேண்டாம். தினமும் புதிதாகக் கரையுங்கள்.

மருந்தும் தடுப்பூசியும் ஒரே நாளில்

தடுப்பூசி போட்டதும் டி செல்கள் வேகமாகப் பெருகும். பெருகும் செல் எதுவானாலும் டிசிட்டபின் நுழையும். நாம் வளர்க்க நினைப்பதையே அடித்துவிடும். அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில், திரும்பி வந்த சினைப்பைப் புற்றுநோய்க்கு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், முதல் நாள் டிசிட்டபின், 15ஆம் நாள் என்ஒய்-ஈஎஸ்ஓ-1 தடுப்பூசி. எலிகளில் செய்யும்போதும் இப்படி இடைவெளி விடுங்கள்.

ஆர்என்ஏவோடு நிறுத்துவது

ஜீன் திறந்து ஆர்என்ஏ வந்தால் மட்டும் போதாது, புரதமும் வர வேண்டும். அதன் துண்டை எச்எல்ஏ என்ற மூலக்கூறு, செல்லின் மேற்பரப்பில் காட்டவும் வேண்டும். டி செல் அந்தப் புற்றுசெல்லைக் கொல்கிறதா என்று பார்க்காமல் மாநாட்டுக்குப் போஸ்டர் அடிக்காதீர்கள்.