பத்துக்குப் பத்து அறையில் கடைசி நாட்கள்: வீட்டில் கவனிக்கும் முறை

இனி குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளி மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். நோயின் பெயர், நிலை, தரும் மருந்துகள் எல்லாம் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். அதன் நகலை அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸ் வீட்டுக்கு வருவதும் உண்டு. யாராவது ஒரு டாக்டர் நோயாளியைத் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். ஏன் என்பது கடைசியில் வருகிறது.

சென்னையில் அரசு வாரியம் கட்டிய சிறிய குடியிருப்பு வீடுகளில் கட்டில் சுவரை ஒட்டித்தான் போட முடியும். அப்போது கவனிப்பவர் ஒரே பக்கம் நின்று வேலை செய்வார், நோயாளியும் ஒரே பக்கம் திரும்பிப் படுப்பார். தினமும் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் படுக்க வையுங்கள், இரண்டு பக்கமும் கைக்கு எட்டும். மடக்குக் கட்டிலில் இடுப்பு குழிந்து இறங்கும், அங்கேதான் புண் வரும். பலகை போட்டு அதன்மேல் மெத்தை விரியுங்கள். கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினால் கவனிப்பவரின் முதுகு தப்பும். சிறுநீர் போக டியூப் போட்டிருந்தால், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் நோயாளியின் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். பாயில் படுத்திருந்தால் பைக்கு இறங்க இடமில்லை, சிறுநீர் டியூபிலேயே தேங்கித் தொற்று வரும்.

புரட்டுவதற்குப் பழைய வேட்டியை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை குறுக்கே விரித்து வையுங்கள். ஆளைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும், வேட்டியோடு சேர்த்துத் தூக்கி நகர்த்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தாலே போதும். கெண்டைக்காலுக்குக் கீழே துணிச் சுருள் வைத்துக் குதிகால் படுக்கையைத் தொடாதபடி விடுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் வேண்டாம், வளையம் அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் குறையும்.

கடும் வலிக்கு ‘மார்பின்’ (morphine) என்ற மாத்திரை எழுதியிருந்தால் அதைத் தெரு முனை மெடிக்கலில் தேடி அலையாதீர்கள். அனுமதி பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை நாலு மணி நேரம்தான். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுராத்திரி எழுப்பாமல் இருக்க இரவு 10 மணிக்கு இரட்டை அளவு எழுதுவது வழக்கம். அளவு டாக்டர் எழுதியதுதான். வலி வந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருந்தால் பிறகு அடக்குவது கஷ்டம். இடையில் திடீரென்று வலி வந்தால் எவ்வளவு கூடுதலாகத் தரலாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள்.

கவனிக்கும் பெண் வீட்டு வேலைக்குப் போகிறவராக இருந்தால், காலை 6 மணி மாத்திரையைக் கொடுத்ததும் கிளம்பிவிடுவார். 10 மணி, 2 மணி மாத்திரை பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பாகும். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அட்டையில் கடிகாரப் படமும் மாத்திரையின் உருவமும் வரைந்து ஒட்டுங்கள், கொடுத்ததும் ஒரு கோடு. மிச்ச மாத்திரைகளைப் பூட்டி வைத்து, தினம் எண்ணுங்கள். குடிப்பழக்கம் உள்ளவர் வீட்டில் இருந்தால் சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

“மார்பின் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களாமே” என்று சொந்தக்காரர் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார். டாக்டர் எழுதிய அளவில் கொடுத்தால் அப்படி ஆகாது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். குறையாமல் எழுப்பவே முடியாதபடி தூங்கினால் அடுத்த வேளை கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மலச்சிக்கல் மட்டும் போகாது, மார்பின் இருக்கும் வரை மலமிளக்கியும் தினம் வேண்டும். மூன்று நாள் மலம் போகாமல் பிறகு தண்ணீர் மாதிரி போனால், பேதி என்று நிறுத்தும் மருந்து தராதீர்கள். உள்ளே இறுகிக் கிடப்பதைச் சுற்றி ஒழுகுவதாக இருக்கும். நர்ஸிடம் சொல்லுங்கள்.

நாற்றமடிக்கும் புற்றுப்புண் உள்ள வீட்டில் பேரப்பிள்ளைகள்கூட உள்ளே வரமாட்டார்கள், நோயாளி அதில்தான் உடைந்துபோவார். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்பு போட்டு நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். புண்மேல் உள்ள பழைய கட்டுத்துணியை முதலில் இந்தத் தண்ணீரால் ஊற வைத்துப் பிரித்தால் வலி குறையும், ரத்தக் கசிவும் குறையும். கழுவியபின் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் சில நாளில் நாற்றம் குறையும், டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டுத்துணி வாங்கக் காசு போதாவிட்டால் வெளுத்த பருத்தி வேட்டியைத் துண்டுகளாக்கி, டிபன் பாக்ஸில் மூடியைத் தளர்வாக வைத்து, குக்கரில் அரை மணி நேரம் ஆவியில் வேக வையுங்கள். அடியில் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கட்டும், தீ சிறியதாக எரியட்டும். ஈ உட்காராமல் கொசுவலை கட்டுங்கள், புழு வைத்துவிட்டால் நர்ஸை அழையுங்கள்.

கடைசி வாரத்தில் சாப்பாடு குறைவது நோயின் போக்கு. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். மூச்சு கரகரவென்று இழுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஃபேன் காற்று முகத்தில் படட்டும். உறவினர் ஆளுக்கொரு ஸ்பூன் பால் ஊற்ற வரும்போது விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டில் மட்டும் தடவச் சொல்லுங்கள். சடங்கும் நடக்கும், மூச்சும் திணறாது.

வீட்டில் இறந்தால் இறப்புக்கான காரணத்தைக் குறிப்பிட்டு டாக்டர் தரும் சான்றிதழை மயானத்தில் கேட்பார்கள். முன்பு பார்க்காத டாக்டர் கையெழுத்துப் போட மறுப்பார், ராத்திரி முழுக்க அலைய நேரும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் நகல், டாக்டர் போன் நம்பர் மூன்றையும் ஒரே பையில் வைத்திருங்கள். இறப்பை 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிந்தால் கட்டணம் இல்லை. மிச்சமிருக்கும் மார்பின் மாத்திரைகளை எண்ணி, வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.