கல்ச்சருக்கு மாதிரி எடுப்பது முதல் பிளேட் பார்ப்பது வரை

கல்ச்சர் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட் குழப்பமாக வந்தால் எல்லோரும் முதலில் லேபைத்தான் கேட்பார்கள். ஆனால் பல நேரம் விஷயம் கெட்டுப்போவது நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே, மாதிரி எடுக்கிற அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான். அவசரமாகத் துடைத்த தோலிலிருந்து எடுத்த ரத்தத்தையும், பாதி நாள் மேஜையில் கிடந்த சிறுநீரையும் எவ்வளவு நல்ல மீடியாவில் (கிருமியை வளர்க்கும் ஊட்டப்பொருள்) போட்டாலும் சரியான பதில் வராது. அதனால் புதிதாக லேபுக்கு வந்தவர்களுக்கும் வார்டில் மாதிரி எடுக்கும் நர்ஸ்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எல்லா மாதிரிக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்டால் எந்த மருந்து, எப்போது கொடுத்தது என்று படிவத்தில் எழுதுங்கள். பெயரையும் மருத்துவமனை எண்ணையும் நோயாளியின் பக்கத்திலேயே நின்று, டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் வேண்டாம். மூடி கழன்றால் அது யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது. எடுத்த நேரத்தையும், உடலில் எந்த இடம் என்பதையும் குறியுங்கள். 'ஸ்வாப்' (பஞ்சுக்குச்சி) என்று மட்டும் எழுதி அனுப்பினால் எந்த மீடியாவில் போடுவது என்றே லேபுக்குத் தெரியாது. கல்ச்சருக்கான திசுவை ஃபார்மலினில் போடவே கூடாது, கிருமி செத்துவிடும். கொஞ்சம் ஸ்டெரைல் சலைன் போதும்.

ரத்தக் கல்ச்சரில்தான் அதிகக் கவனம் வேண்டும். 70% ஆல்கஹாலில் 2% குளோர்ஹெக்ஸிடின் கலந்த திரவத்தால் தோலை 30 நொடி அழுத்தித் தேய்த்து, அது தானாகக் காயும்வரை காத்திருங்கள். ஊதிக் காயவைக்கக் கூடாது, விசிறவும் கூடாது. போவிடோன் அயோடின் என்றால் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் விட வேண்டும். காய்ந்த பிறகு ரத்தக்குழாய் எங்கே என்று விரலால் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தால் செய்ததெல்லாம் வீண். தேடுவதைச் சுத்தம் செய்யும் முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் பாட்டில் மூடி. பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும் தெரிகிற ரப்பர் ஸ்டெரைல் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. அதையும் 70% ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் வேண்டும். ஏரோபிக் (ஆக்சிஜனில் வளரும் கிருமிக்கு), அனேரோபிக் (ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிக்கு) இரண்டு பாட்டிலும் சேர்ந்தது ஒரு செட். இரண்டு அல்லது மூன்று செட், வேறு வேறு இடத்திலிருந்து. இவ்வளவு ரத்தம் எதற்கு என்று கேட்பார்கள். ரத்தத்தில் தொற்று இருக்கும்போதுகூட ஒரு மி.லி.க்கு ஒரு கிருமி கூட இல்லாமல் போவது சாதாரணம், அதனால் 3 மி.லி. எடுத்து அனுப்பினால் நிஜமாகவே இருக்கிற கிருமியைத் தவறவிடுவோம். இரண்டு இடம் எதற்கு என்றால், தோலில் வாழும் கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் நாலு பாட்டிலில் ஒன்றில் மட்டும் வளர்ந்தால் அது தோலிலிருந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம், இரண்டு செட்டிலும் ஒரே கிருமி வளர்ந்தால் கதையே வேறு. ஒரு செட் மட்டும் இருந்தால் இதைப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. பட்டர்ஃபிளை ஊசியில் (மெல்லிய குழாய் இணைந்த ஊசி) எடுத்தால் ஏரோபிக் பாட்டிலை முதலில் நிரப்புங்கள், குழாயில் இருக்கும் காற்று அனேரோபிக் பாட்டிலுக்குள் போகக் கூடாது. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து அளவு குறையும், அதற்கான பாட்டிலும் தனி. நிரப்பிய பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

சிறுநீருக்கு நடு ஓட்டம் வேண்டும் என்பதை நோயாளிக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்: கையைக் கழுவி, அந்த இடத்தை முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்து, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடித்து, மிச்சத்தைத் திரும்பக் கழிப்பறையில். டப்பாவின் உள்பக்கம் விரல் படக் கூடாது. டப்பாவைக் கையில் கொடுத்து 'யூரின் பிடிச்சிட்டு வாங்க' என்று அனுப்பினால் கலப்படம்தான் வரும், அதற்கு நோயாளியைக் குறை சொல்ல முடியாது. கதீட்டர் போட்டவர்களிடம் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். குழாயில் இருக்கும் சாம்பிள் போர்ட்டைத் துடைத்துவிட்டு சிரிஞ்சால் எடுங்கள்.

நேரம் இங்கே ரொம்ப முக்கியம். ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், அதாவது மூன்று மணி நேரத்தில் ஒன்று 512. அறை வெப்பத்தில் சிறுநீரில் அந்த வேகம் இருக்காது, ஆனாலும் எண்ணிக்கையைக் கெடுக்க அது போதும். இரண்டு மணி நேரத்துக்குள் பிளேட்டில் (மீடியா ஊற்றிய தட்டு) போட முடியாது என்றால் 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள், 24 மணி நேரம்வரை தாங்கும்.

எண்ணிக்கைக்கு 1 மைக்ரோலிட்டர் லூப் (நுனியில் வளையம் உள்ள கம்பி). அதை நேராகச் செங்குத்தாகப் பிடித்து, சிறுநீரின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே மட்டும் முக்கி எடுங்கள். ஆழமாக விட்டால் கம்பியிலும் திரவம் ஒட்டிக்கொண்டு வரும், அளவு கூடிவிடும். மறுநாள் காலனிகளை (பிளேட்டில் புள்ளியாகத் தெரியும் கிருமிக் கூட்டம்) எண்ணி 1000-ஆல் பெருக்கினால் ஒரு மி.லி.க்கான கணக்கு: 100 காலனி என்றால் ஒரு லட்சம்.

சளியில் பாதிப் பிரச்சினை அது சளியாகவே இல்லாமல் எச்சிலாக இருப்பது. காலையில், வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுக்கச் சொல்லுங்கள். லேபில் முதலில் கிராம் ஸ்டெயின் (கிருமிக்கும் செல்லுக்கும் நிறமேற்றும் சோதனை) போட்டு லோ பவரில் பாருங்கள். ஒரு ஃபீல்டில் 25-க்கு மேல் சீழ் செல், 10-க்குக் கீழே எபிதீலியல் செல் என்றால் நல்ல சளி. எபிதீலியல் செல்லே நிறைந்திருந்தால் அது வாயிலிருந்து வந்தது, புதிதாக ஒரு மாதிரி கேளுங்கள். தொண்டை ஸ்வாப் டான்சிலையும் பின்சுவரையும் தொட வேண்டும், நாக்கை அல்ல. மலம் உடனே போகாது என்றால் கேரி பிளேர் மீடியாவில் (கிருமியை உயிரோடு கொண்டுபோக உதவுவது) அனுப்புங்கள். சீழுக்கு ஸ்வாபைவிட சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தது எப்போதும் மேல். ஸ்வாப்தான் வழி என்றால் மேலே இருக்கும் சீழையும் பொருக்கையும் சலைனால் கழுவிவிட்டு, அடியில் இருக்கும் திசுவில் அழுத்தி எடுங்கள்.

தண்டுவட நீர் வந்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு அதை எடுங்கள். ஃப்ரிட்ஜ் கூடவே கூடாது, மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிஞ்சோகாக்கஸ் குளிரில் செத்துப்போகும். பிளட் அகாரோடு (ரத்தம் கலந்த மீடியா) சாக்லேட் அகாரும் (சூடாக்கிய ரத்தம் கலந்தது) போட்டு 5 முதல் 10% கார்பன் டை ஆக்சைடில் வையுங்கள். இன்குபேட்டரில் அந்த வசதி இல்லாத லேப்களில் கேண்டில் ஜாடி (பிளேட்டுகளோடு மெழுகுவர்த்தி ஏற்றி இறுக மூடும் ஜாடி) உதவும், மெழுகுவர்த்தி தானாக அணையும்போது உள்ளே சுமார் 3% இருக்கும்.

இனி பிளேட்டில் இழுப்பது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பிளேட்டை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, மேற்பரப்பில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். ஈரம் இருந்தால் காலனிகள் ஒன்றோடொன்று வழிந்து கலந்துவிடும். மாதிரியை ஓர் ஓரத்தில் தடவி, லூப்பைச் சிவக்கச் சூடாக்கி, அகாரின் காலியான விளிம்பில் தொட்டு ஆறவிட்டு, முதல் பகுதியிலிருந்து இரண்டு மூன்று கோடு மட்டும் வெளியே இழுங்கள். பிளேட்டைத் திருப்பி, திரும்பவும் சூடாக்கி, அடுத்த பகுதி. கடைசிப் பகுதி முந்தைய எதையும் தொடக் கூடாது, தனித்தனிக் காலனி கிடைப்பது அங்கேதான். கை லேசாக இருக்கட்டும், அகார் கிழியக் கூடாது. பெயரை மூடியில் எழுதாமல் அகார் இருக்கும் அடித்தட்டில் எழுதி, தலைகீழாக இன்குபேட்டரில் வையுங்கள், இல்லாவிட்டால் மூடியில் திரளும் நீர் காலனி மேல் சொட்டும். 35 முதல் 37 டிகிரி, 18 முதல் 24 மணி நேரம்.

காலையில் பிளேட்டைத் திறந்து மணத்தை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். புரூசெல்லா போன்றவை அப்படித்தான் லேபில் வேலை செய்பவர்களுக்குத் தொற்றுகின்றன. பார்க்க வேண்டியது பிளட் அகாரில் ஹீமோலைசிஸ் (காலனியைச் சுற்றி ரத்த அணுக்கள் சிதைந்த வளையம்), மக்கான்கி மீடியாவில் காலனி இளஞ்சிவப்பா நிறமற்றதா என்பது, அதன்பின் கிராம் ஸ்டெயின். சென்சிடிவிட்டிக்கு (எந்த ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனை) போகும் முன் ஒரே வகைக் காலனிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கலப்புக் கல்ச்சரில் ஆன்டிபயாடிக் டிஸ்க் வைத்தால் வரும் தவறான முடிவைப் பார்த்து யாருக்கோ மருந்து எழுதுவார்கள்.

சிறுநீரில் மூன்றுக்கு மேல் வகைகள் சமமாக வளர்ந்திருந்தால் சென்சிடிவிட்டி போடாமல், மாதிரி கலப்படமாகியிருக்கலாம், திரும்ப அனுப்புங்கள் என்று எழுதுங்கள். கூடவே வார்டுக்கு ஒரு போன். மூடி கசிந்ததை, பெயர் இல்லாததை, ஃபார்மலினில் வந்ததை எல்லாம் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பும் உரிமை லேபுக்கு உண்டு. தண்டுவட நீர், அறுவை சிகிச்சையில் எடுத்த திசு போல திரும்ப எடுக்க முடியாதவற்றை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள்: குறை இருந்தாலும் கல்ச்சர் போட்டுவிட்டு, எடுத்தவரிடம் பேசி, என்ன குறை என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.