இரண்டு நாளில் டெல்லி: கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் முறை டெல்லி போனபோது என் கையில் பதினோரு இடங்கள் அடங்கிய பட்டியல் இருந்தது. சனிக்கிழமை காலை செங்கோட்டை, மதியம் குதுப் மினார், நடுவில் தாமரைக் கோயில், மாலை இந்தியா கேட். ஊரின் வடக்கே ஒன்று, தெற்குக் கோடியில் இன்னொன்று. அன்று நான் அதிக நேரம் பார்த்த கூரை, ஆட்டோவின் கூரைதான்.

பட்டியல் போடுவதுதான் முதல் தவறு. டெல்லி ஒரே ஊர் அல்ல, வெவ்வேறு அரசர்கள் வெவ்வேறு இடங்களில் கட்டிய பல ஊர்களின் தொகுப்பு. அதனால் இடங்களை எண்ணாமல் பகுதிகளை எண்ணுங்கள். தெற்கே குதுப் மினார் இருக்கும் மெஹ்ரோலி, நடுவில் லோதி தோட்டமும் நிஜாமுதீனும், வடக்கே பழைய டெல்லி, அப்புறம் ஆங்கிலேயர் கட்டிய ரைசினா மேடு. நான்கு பகுதிகள், நான்கு அரை நாட்கள், கணக்கு சரி. தாமரைக் கோயில் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

மெஹ்ரோலியில் தொடங்கச் சொல்வேன். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: குதுப் மினார் என்ற பெயரில் மெட்ரோ நிலையம் இருக்கிறதே என்று இறங்கி நடக்க ஆரம்பித்துவிடாதீர்கள். மினார் அங்கிருந்து நல்ல தூரம். ஆட்டோ பிடிப்பதே புத்திசாலித்தனம்.

உள்ளே போனதும் எல்லோரும் 72.5 மீட்டர் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து, விரல்நுனியில் அதைப் பிடித்திருப்பது போல ஒரு படம் எடுத்துக்கொண்டு, இரும்புத் தூணைச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். உண்மையான விஷயம் இடுப்பு உயரத்தில் தொடங்கித் தலைக்கு மேலே முடிகிறது. மினாரை ஒட்டியிருக்கும் மசூதியின் முற்றத்துத் தூண்களைப் பாருங்கள். சங்கிலியில் தொங்கும் மணி செதுக்கியிருக்கும். கோயில் மண்டபங்களில் வளர்ந்த நமக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. இருபத்தேழு கோயில்களின் கல்லைக் கொண்டு கட்டியதாக நுழைவாயில் கல்வெட்டே சொல்கிறது.

அப்புறம் இரும்புத் தூணுக்குப் பின்னால் நிற்கும் உயரமான வளைவின் கீழ் நின்று, கற்களின் இணைப்புக் கோடுகளைக் கவனியுங்கள். கோடுகள் படுக்கையாகவே போகும். ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் மேலே போய்ச் சேர்ந்துவிடும். பார்வைக்கு வளைவு, வேலை பழைய கோயில் வேலை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குள் கற்கள் ஒடுங்கிக்கொண்டே போவதும் இந்த முறையில்தான். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதிய சுல்தான்கள் வளைவு கேட்டார்கள். உள்ளூர்ச் சிற்பிகள் தங்களுக்குத் தெரிந்த வழியில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது சில அடிகள் நடந்து, தெற்குப் பக்கம் இருக்கும் அலாய் தர்வாசாவுக்கு வாருங்கள். 1311இல் அலாவுதீன் கில்ஜி கட்டிய வாசல். இங்கே வளைவின் கற்கள் விசிறி மடிப்புப் போல விரிந்திருக்கும், ஒவ்வொன்றும் ஆப்பு வடிவத்தில் அடுத்ததை அழுத்திக்கொண்டு நிற்கும். இந்தியாவின் ஆரம்பகால உண்மையான வளைவுகளில் ஒன்று இது. நூறு வருட மாற்றத்தை ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் வருபவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது பகுதியில் நடக்கும் தவறு வரிசை சம்பந்தப்பட்டது. எல்லோரும் நேராக ஹுமாயூன் கல்லறைக்குப் போவார்கள். அதற்கு முன் லோதி தோட்டத்துக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, விடியற்காலையிலேயே நடைப்பயிற்சிக் கூட்டம் வந்துவிடும். அங்கே முகம்மது ஷா சய்யிதின் கல்லறை எண்கோண வடிவில் இருக்கும், 1444ஐச் சேர்ந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு ஹுமாயூன் வளாகத்துக்கு வந்தால், நுழைந்ததும் வலது பக்கம் மதிலுக்குள் அதே எண்கோணம் உங்களை வரவேற்கும்: ஈசா கான் கல்லறை, 1547. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த ஈசா கான், ஹுமாயூனைத் துரத்திவிட்ட ஷேர் ஷாவின் அவையில் இருந்தவர். எதிரி முகாமின் ஆள் வாசலிலேயே படுத்திருக்க, உள்ளே போய் அரசரைப் பார்க்க வேண்டியிருக்கிறது!

ஹுமாயூன் கல்லறைக்குள் மேற்கூரையைப் பார்த்தால், வெளியே தெரிந்த அளவுக்குக் குவிமாடம் உயரமாக இல்லையே என்று தோன்றும். ஏமாற்றம் வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குவிமாடங்கள்; வெளியே இருப்பது ஊருக்குக் காட்ட, உள்ளே இருப்பது அறையின் அளவுக்கு. தாஜ்மகாலிலும் இதே உத்திதான்.

கிழமை பார்க்காமல் திட்டம் போடுவது அடுத்த தவறு. இன்னொரு முறை, திங்கள் விடுமுறையோடு சேர்ந்து மூன்று நாள் கிடைத்தது என்று செங்கோட்டையைத் திங்களுக்குத் தள்ளி வைத்தேன். திங்கள் அதற்கு வார விடுமுறை. பூட்டிய கதவுதான் தரிசனம். தேசிய அருங்காட்சியகமும் திங்களன்று மூடியிருக்கும். ஞாயிறன்று சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகள் அடைப்பு. வாங்கப் போகிறவர்களுக்கு நஷ்டம், பழைய மாளிகைகளின் மாடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு லாபம். சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் முந்தைய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒத்திகை, பாதுகாப்பு என்று பாதி ஊர் மூடிக் கிடக்கும்.

செங்கோட்டைக்குள் "இவ்வளவுதானா?" என்று கேட்காதவர்கள் குறைவு. காரணம் இருக்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் உள்ளேயிருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டு ராணுவக் குடியிருப்புகள் கட்டினார்கள். நடுவில் நிற்கும் நீண்ட மாடிக் கட்டடங்களை ஷாஜகான் காலத்தவை என்று நினைத்துப் படம் எடுக்க வேண்டாம். கிழக்கு ஓரத்துப் பளிங்கு மண்டபங்களுக்குப் போய், தரையில் ஓடும் வாய்க்கால் தடத்தைப் பின்தொடருங்கள். அதில் தண்ணீரும், மதிலுக்கு வெளியே யமுனையும் ஓடியதாக நினைத்துக்கொண்டால்தான் அந்த இடம் புரியும். ஜாமா மசூதிக்குப் போகும்போது பையில் ஒரு ஜோடி காலுறை இருக்கட்டும். செருப்பில்லாமல் மதிய வெயிலில் அந்த முற்றத்தைக் கடந்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

மே, ஜூன் மாதங்களில் கட்டடம் பார்க்க டெல்லி போகாதீர்கள். அவ்வளவுதான். டிசம்பர் கடைசி, ஜனவரியில் மூடுபனி விமானத்தைத் தாமதப்படுத்தும். இரண்டு நாள் பயணத்தில் அரை நாள் போனால் போனதுதான். பிப்ரவரி, மார்ச் நல்லது.

மாலை நேரத்தில் ரைசினா பக்கம் காரில் போவது கடைசித் தவறு. இந்தியா கேட்டிலிருந்து மேற்கே, முன்பு ராஜபாதை என்றிருந்த கடமைப் பாதையில் நடங்கள். தொலைவில் குடியரசுத் தலைவர் மாளிகை முழுதாகத் தெரியும். மேட்டின் அடியில் இருக்கும் விஜய் சௌக் சதுக்கத்தை நெருங்க நெருங்க மாளிகை மெல்லத் தரைக்குள் இறங்கும். தூண்கள் மறையும், கடைசியில் குவிமாடம் மட்டும் மிஞ்சும். முன்னால் இருக்கும் சரிவு அதை மறைத்துவிடுகிறது. மாளிகையை வடிவமைத்த லட்யன்ஸ், தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த பேக்கரோடு இந்தச் சரிவுக்காகத்தான் சண்டை போட்டார், வெல்லவில்லை. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவைப் போல இது என் ‘பேக்கர்லூ’ என்று நொந்துகொண்டார். காரில் போனால் இந்தச் சண்டை முழுவதும் சில வினாடிகளில் முடிந்துவிடும். நடந்து போய், குவிமாடம் மட்டும் தெரியும் இடத்தில் நின்று, பத்தடி பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்ப் பாருங்கள்.