ஸ்டார் ஒட்டினா தன்னம்பிக்கை வந்துடுமா? ப்ரைமரி டீச்சர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சின்ன பசங்களுக்கு தன்னம்பிக்கை வளர்க்கறேன்னு கிளாஸ்ல பண்ற ஆக்டிவிட்டி நிறைய நல்ல எண்ணத்துலதான் பண்றது, ஆனா முடிவுல ஏற்கனவே துறுதுறுன்னு இருக்கற நாலு பேருக்கு இன்னும் குஷி ஏறுது, ஓரமா சுருங்கி உக்காந்திருக்கற பிள்ளை இன்னும் சுருங்கிடுது.

பெரிய தப்பு ஓவரா பாராட்டறது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைய பார்த்தாலே நமக்கு பாவமா இருக்கும், உடனே "அய்யோ எவ்ளோ சூப்பர், இப்படி யாராலயும் வரையவே முடியாது"ன்னு அள்ளி விட்டுடுவோம். 2014ல நெதர்லாந்துல 8லருந்து 12 வயசு பசங்கள ஒரு படம் வரையச் சொல்லி பார்த்தாங்க, தன்னம்பிக்கை கம்மியா இருந்த பசங்கள்ல இப்படி ஊதிப் பெருக்கின பாராட்டு கிடைச்சவங்க அடுத்து கஷ்டமான படத்தை விட்டுட்டு ஈஸியான படத்தை எடுக்கத்தான் பார்த்தாங்க. ஏன்னா அடுத்த தடவையும் அதே அளவுக்கு வரணுமே, வரலன்னா மானம் போயிடுமேன்னு பயம். அதுக்கு பதிலா "கிளி வால்ல ரெண்டு கலர் கலந்திருக்கியே, எப்படி பண்ணின?"ன்னு கேட்டு பாருங்க, பிள்ளை தானே பேச ஆரம்பிக்கும்.

"நீ ரொம்ப புத்திசாலி"யும் இதே கதைதான். 1998ல உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் அஞ்சாம் வகுப்பு பசங்கள வச்சு செஞ்ச ஆராய்ச்சியில, புத்திசாலின்னு பாராட்டு வாங்கினவங்க கஷ்டமான புதிர்கள்ல சொதப்பினதும் தொடர்ந்து செய்யற ஆர்வத்தை இழந்தாங்க, நிறைய பேர் மார்க்கை கூட்டி வேற சொன்னாங்க. அதுக்காக எதுக்கெடுத்தாலும் "நல்லா முயற்சி பண்ணின"ன்னு சொல்றதும் வேஸ்ட், அது ஆறுதல் பரிசுன்னு ஏழு வயசு பிள்ளைக்கே தெரியும்.

அப்புறம் அந்த பாராட்டுச் சீட்டு விளையாட்டு. ஒவ்வொருத்தர் பேர் போட்ட பேப்பரையும் கிளாஸ் முழுக்க சுத்த விட்டு எல்லாரும் ஒரு நல்ல விஷயம் எழுதணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாருக்கும் பிடிச்ச பிள்ளையோட பேப்பர்ல இடமே இருக்காது, யாரோடயும் அதிகம் பேசாத பிள்ளையோட பேப்பர்ல "நல்ல பையன்", "நல்ல பையன்", "உன் பேக் நல்லா இருக்கு"ன்னு மூணு வரி, அதையும் அவன் மடிச்சு நோட்டுக்குள்ள வச்சுப்பான், பக்கத்து சீட்டு பேப்பரை எட்டி பார்த்துட்டுதான். இதை நிறுத்தணும்னு இல்ல. ஆளுக்கு ஒரு பேரை மட்டும் குலுக்கி குடுங்க, ஒரு வாரம் கவனிக்கச் சொல்லுங்க, கண்ணால பார்த்த ஒரு செயலைத்தான் எழுதணும்னு சொல்லிடுங்க. "என் பென்சில் முனை உடைஞ்சப்ப நீ கேக்காமலே உன்னோடத குடுத்த"ன்னு வந்தா அது நெசம், அவனுக்கும் தெரியும் அது நெசம்னு. குடுக்கறதுக்கு முன்னாடி டீச்சர் ஒரு தடவை எல்லாத்தையும் படிச்சிடணும், கண்டிப்பா.

"நான் சிறந்தவன், நான் அன்புக்குரியவன்"னு காலைல கோரஸா சொல்ல வைக்கறதுல எனக்கு சுத்தமா நம்பிக்கை இல்ல. பெரியவங்கள வச்சு 2009ல பார்த்தப்பவே, தன்மேல மதிப்பு கம்மியா இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி வாக்கியம் சொன்னா மனசு இன்னும் இறங்கத்தான் செஞ்சது. உள்ளுக்குள்ள ஒரு குரல் "பொய்"ங்குமே.

செவுத்துல எல்லார் பேரும் போட்டு ஸ்டார் ஒட்டற சார்ட்டும் வேணாம், கடைசில இருக்கறவன் தினமும் அதைப் பார்த்துட்டேதான் உள்ள வரணும். நோட்டு வினியோகிக்கறது, போர்டு துடைக்கறது மாதிரி வேலைகள நல்லா படிக்கறவங்களுக்கு மட்டும் பரிசா குடுக்கறதும் அப்படித்தான், முறை வச்சு எல்லாருக்கும் வரட்டும்.

அதிகமா யாரும் பேசாதது ஒண்ணு இருக்கு, அவசரம். கேள்வி கேட்டுட்டு டீச்சர்கள் சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்கன்னு அமெரிக்க கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ கண்டுபிடிச்சாங்க, அதை 3 செகண்டுக்கு மேல கொண்டு போனப்ப பதில் நீளமாச்சு, வழக்கமா வாய் திறக்காத பசங்களும் பேசினாங்க. ஆனா ஒரு பிள்ளை தடுமாறினா நாமளே பாதி பதிலை எடுத்து குடுத்துடறோம், இல்ல "யாராவது ஹெல்ப் பண்ணுங்க"ன்னு திரும்பிடறோம், அந்த பிள்ளைக்கு கேக்கறது "உன்னால ஆகாது"ங்கறதுதான். மனசுக்குள்ள மெதுவா மூணு எண்ணுங்க, அப்பவும் வரலன்னா "யோசி, ரெண்டு பேர் கழிச்சு உன்கிட்ட வரேன்"னு சொல்லிட்டு, மறக்காம திரும்பி வாங்க.