பேர்போன அல்வாவும் நட்டோரியஸும்

முதல் இன்டர்வியூவில் ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். ‘திருநெல்வேலி இஸ் நட்டோரியஸ் ஃபார் அல்வா’ என்று கம்பீரமாக அடித்துவிட்டேன். எதிரே இருந்தவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பது வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிய பிறகுதான் பிடிபட்டது. நான் உருப்போட்ட கையேட்டில் அந்தச் சொல்லுக்கு நேரே ‘பேர்போன’ என்று இருந்தது. நாம் அல்வாவுக்கும் பேர்போன ஊர் என்போம், அடிதடிக்கும் பேர்போன ஆள் என்போம். ஆனால் நட்டோரியஸ், கெட்ட விஷயத்துக்குப் பேர் வாங்கியதை மட்டும்தான் குறிக்கும்.

அதனால் தமிழ் அர்த்தத்தோடு நின்றுவிடாமல் ஆங்கில விளக்கத்தையும் படியுங்கள். எடுத்ததும் பெரிய அகராதி வேண்டாம், ஒரு கஷ்டமான சொல்லுக்கு இன்னும் இரண்டு கஷ்டமான சொல்லைத் தந்து அலையவிடும். கற்பவர்களுக்கென்றே அகராதிகள் உண்டு. 1978-இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே விளக்கங்களை எழுதியது.

விளக்கத்தை இரண்டு தடவை வாசித்து, மூடிவிட்டு, சொந்த வார்த்தையில் நோட்டில் எழுதுங்கள். எழுத வரவில்லையா, சரி, இன்னும் புரியவில்லை, திரும்பத் திறங்கள். அப்புறம் நம்மூர் இடத்தையோ ஆளையோ வைத்து ஒரு வாக்கியம்.

இனன்டேட் (inundate) என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் விளக்கம், ஓர் இடத்தை வெள்ளம் மூழ்கடிப்பது. தாமிரபரணி பெருகினால் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்து மூழ்கடிக்குமே, அதை மனசில் வைத்துக்கொண்டால் சொல் மறக்காது. பலரும் இத்தோடு மூடிவிடுவார்கள். இரண்டாவது விளக்கம்தான் அதிகம் உதவும்: சமாளிக்க முடியாத அளவுக்கு போனோ விண்ணப்பமோ வந்து குவிவது. அப்படியே சொல் பிறந்த கதையையும் பாருங்கள். உள்ளே இருக்கும் ‘உண்டா’ லத்தீனில் அலை. அபண்டன்ட், ரிடண்டன்ட் இரண்டிலும் அதே அலைதான். ஒன்று ஏராளமாக இருப்பது, மற்றது தேவைக்கு மேல் வழிந்து வேண்டாததாகிப் போனது. ஒன்றைத் தேடப் போய் மூன்று கிடைக்கிறது.

ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று திருப்பிப் பார்க்க, பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வருகிற பஸ் நேரம் போதும். செய்தியிலோ கட்டுரையிலோ அந்தச் சொல்லை நாலைந்து இடத்திலாவது பார்த்த பிறகு வாயில் எடுங்கள். அதுவரை அல்வாவுக்கு ஃபேமஸ் என்றே சொல்லிக்கொள்ளலாம்.