டெங்கு பிறபொருளெதிரிப் பரிசோதனை: கோட்டை விடும் இடங்கள்

கொழும்பில் டெங்குவுக்கு ஒரு பிறபொருளெதிரிப் பரிசோதனை (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதத்தைக் குருதியில் தேடுவது) உருவாக்கக் கிளம்பும் இளம் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது பொசிட்டிவ் மாதிரிகளைத்தான். அது இங்கே பெரிய கஷ்டமில்லை. 2017இல் மட்டும் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். கஷ்டமெல்லாம் டெங்கு இல்லாதவர்களின் நெகட்டிவ் மாதிரியில் இருக்கிறது. அதைத்தான் பலரும் கடைசி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

டெங்குவே இல்லாத ஒரு நாட்டிலிருந்து வந்த சீரத்தை (குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) நெகட்டிவாக வைத்தால் எலைசா தட்டு, அதாவது பிறபொருளெதிரி இருந்தால் நிறம் மாறும் சின்னக் குழிகள் கொண்ட தட்டு, அழகாகத்தான் வரும். அமிலம் விட்டதும் பொசிட்டிவ் குழிகள் கடும் மஞ்சளாகும், நெகட்டிவ் குழிகள் தண்ணீர் போல இருக்கும். 450 நனோமீற்றரில் அளந்தால் இரண்டுக்கும் நடுவே தாராளமான இடைவெளி. அந்த இடைவெளியில் எல்லையை வைத்து, இதற்கு மேலே எல்லாம் பொசிட்டிவ் என்று முடித்துவிடுவார்கள். அப்புறம் அதே தட்டில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளர்ந்த, காய்ச்சலே இல்லாத ஒருவரின் சீரத்தை வைத்து ஐஜிஜி (தொற்று போனபின்னும் நெடுநாள் தங்கும் பிறபொருளெதிரி) பார்த்தால் அந்தக் குழியும் மஞ்சளாக வாய்ப்புண்டு. சின்ன வயதில் டெங்கு வந்து, தெரியாமலே போயிருக்கலாம். பெரும்பாலான டெங்குத் தொற்றுகள் அறிகுறி காட்டுவதில்லை. இல்லாவிட்டால், நம் பிள்ளைகளுக்குப் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியின் வேலையாக இருக்கலாம். அந்த வைரஸும் டெங்குவும் ஃபிளேவிவைரஸ் என்ற ஒரே குடும்பம். ஒன்றுக்கு எதிராக உண்டான பிறபொருளெதிரி மற்றதன் உறைப் புரதத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே நெகட்டிவ் மாதிரிகளை இங்கேயே திரட்டுங்கள். தடுப்பூசி போட்ட பிள்ளைகள், எலிக்காய்ச்சல், சிக்கன்குன்யா நோயாளர், முடக்குவாதக் காரணி (பரிசோதனையைக் குழப்பக்கூடிய ஒரு பிறபொருளெதிரி) உள்ளவர்கள் என எல்லாரும் அதில் இருக்க வேண்டும். குழப்பும் மாதிரிகளை விலக்கிவிட்டுக் கணக்குக் காட்டுவது எனக்குப் பொறுக்கவே முடியாத பழக்கம். சந்தேகமானவற்றை வைரஸ் நடுநிலைப்படுத்தும் சோதனையில், அதாவது சீரம் உண்மையில் எந்த வைரஸைத் தடுக்கிறது என்று பார்க்கும் சோதனையில், சரிபாருங்கள். அதற்கு நாள் பிடிக்கும், ஆனாலும் விடக்கூடாது.

அடுத்தது நாள் கணக்கு. புதிய தொற்றில் முதலில் உண்டாகும் பிறபொருளெதிரியான ஐஜிஎம் பொதுவாகக் காய்ச்சலின் 4ஆம், 5ஆம் நாளிலிருந்துதான் தென்படும். இரண்டாம் நாள் எடுத்த குருதியில் அது இல்லையென்றால் அது பரிசோதனையின் குற்றமல்ல. இரண்டாவது முறை டெங்கு வந்தவர்களின் நிலை வேறு. ஐஜிஜி சடாரென ஏறும், ஐஜிஎம் சிலரில் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். கொழும்பில் வளர்ந்தவர்கள் பலரும் இந்த வகைதான். முதல் தொற்று வந்த பிள்ளைகளின் மாதிரிகளில் மட்டும் ஐஜிஎம் கிட்டைச் சோதித்தால், வளர்ந்தவர்களிடம் அது தவறவிடும். ஒவ்வொரு குழாயிலும் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று எழுதியிருக்க வேண்டும். முடிந்தால் குணமான பிறகும் ஒரு முறை குருதி எடுங்கள்.

எல்லையைத் தீர்மானித்த அதே மாதிரிகளிலேயே திறனையும் அளக்காதீர்கள். பரீட்சை வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்த மாதிரி அது.

உணர்திறன் (தொற்றுள்ளவரைப் பிடிப்பது) 95%, தனித்தன்மை (தொற்றில்லாதவரை இல்லை என்று சொல்வது) 95% என்றால் கேட்க நன்றாக இருக்கும். சரி, 10,000 பேரில் 100 பேருக்குத்தான் தொற்று என்று வையுங்கள். பரிசோதனை அவர்களில் 95 பேரைப் பிடிக்கும். தொற்றில்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் பொசிட்டிவ் என்று சொல்லும். பொசிட்டிவ் வந்த 590 பேரில் உண்மையானவர்கள் ஆறில் ஒரு பங்குதான். யாரிடம், எந்தக் காலத்தில் பயன்படுத்தப் போகிறோம் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் போடுவது வைத்தியரைத் தவறான வழியில் விட்டுவிடும்.

சேமிப்பில் செய்யும் பிழைகள் சின்னவை, ஆனால் கெடுதல் பெரிது. சீரத்தைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கக்கூடாது. செங்குருதிக் கலங்கள் உடைந்து சிவந்துபோன மாதிரியைக் குறித்துத் தனியே வையுங்கள். பல துரிதப் பரிசோதனைக் கிட்டுகளுக்கு 30 பாகைதான் மேல் எல்லை; ஏசி இல்லாத கொழும்பு அறை மத்தியானம் அதைத் தாண்டிவிடும். அந்த வெப்பத்தில் கிட்டை வைத்திருந்து சோதித்த பிறகே வெளியே கொடுங்கள்.

கிட்டோடு வரும் தாளில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: முதல் நான்கு நாட்களுக்குள் ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று எடுக்க வேண்டாம், என்எஸ்1 (வைரஸின் புரதத்தையே நேரடியாகத் தேடும்) பரிசோதனையும் செய்யுங்கள். அதை ஆங்கிலத்தில் மட்டும் போடாமல் சிங்களத்திலும் தமிழிலும் போடுங்கள்.